குறிஞ்சிக்கு ஜீப், தேவாங்குக்குக் கல்!

எங்கள் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. முத்தியால்பேட்டையில் ரெண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய சந்து. அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை. பெயர் குறிஞ்சி. 2018-ல் பிறந்தவள். அந்த வருஷம் மலையில் குறிஞ்சி பூத்ததை டி.வி.யில் காட்டினார்கள். அப்பா உருகிப்போய் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

அவளுக்கு ஓர் அண்ணன். பத்து வயசு. ஒல்லி. சோடாபுட்டிக் கண்ணாடி. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அவனுக்கும் நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால், வீட்டில் கிடைக்கிற பெயர் வேறு. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் எதையாவது யோசித்துக்கொண்டிருந்தால், அவன் அம்மாவின் குரல் சந்து முனைவரை கேட்கும்.

"ஏன்டா தேவாங்கு மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கே? சாப்பிட்டுத் தொலையேன்!"

ஒரே வீட்டில் ஒருத்திக்குப் பூவின் பெயர், இன்னொருத்தனுக்கு மிருகத்தின் பெயர். ஒன்று கொஞ்சல், ஒன்று வசை. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த அம்மா குறிஞ்சியையும் நேரில் பார்த்ததில்லை, தேவாங்கையும் பார்த்ததில்லை.

போன மாதம் அந்தப் பையன் என்னிடம் வந்து கேட்டான். "அங்கிள், குறிஞ்சி ஒசத்தியா, தேவாங்கு ஒசத்தியா?"

'ரெண்டுமே ஒசத்திதான்டா' என்று சொல்லிவிட்டு நான் நழுவியிருக்கலாம். பெரியவர்களின் வழக்கமான பதில். ஆனால், அவன் பூவைப் பற்றியோ மிருகத்தைப் பற்றியோ கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. "யோசிச்சு சொல்றேன்" என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதி அவனுக்கு, மீதி உங்களுக்கு.

நான் படித்தது பி.காம். தாவரவியலும் விலங்கியலும் நமக்குத் தூரம். தெரிந்ததெல்லாம் ஒரு தாளை நடுவில் மடித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கணக்கு எழுதுவது. அப்படியே எழுதினேன்.

இடது பக்கம் குறிஞ்சி.

நாம் கொண்டாடுவது நீலக்குறிஞ்சியை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,300 மீட்டருக்கு மேலே, சோலைக்காடுகளுக்கு நடுவே விரிந்து கிடக்கிற புல்வெளியில் வளரும் சின்னப் புதர்ச்செடி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மலைச்சரிவில் இருக்கிற அத்தனை செடியும் பேசி வைத்தாற்போல் சேர்ந்து பூக்கும். தேனீ மொய்க்கும். விதை விழும். அத்துடன் செடி செத்துவிடும். அப்புறம் விதையிலிருந்து முளைத்த பிள்ளைகளின் காலம். 1994, 2006, 2018 என்று வந்தது. அடுத்து 2030.

இதற்கு நாம் தந்திருக்கும் மரியாதையைப் பாருங்கள். ஐந்திணையில் மலைக்கும் மலை சார்ந்த இடத்துக்கும் அதன் பெயரையே வைத்தோம். முருகனுக்குச் சூட்டினோம். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, மேல்நாட்டில் பிறந்து இந்துவாக மாறிய லீலாவதி அம்மையார், 1936-ல் கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டினார். 2006-ல் தபால்தலை வந்தது. அதே 2006-ல் கேரள அரசு, இடுக்கி மாவட்டத்தில் சுமார் 3,200 ஹெக்டேரைக் குறிஞ்சிக்காகவே சரணாலயமாக அறிவித்தது. ஒரு பூவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் பத்திரிகைக்காரர்களின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி மலர்ந்தது!' என்று அநேகமாக ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் ஏதாவது ஒரு மலையிலிருந்து செய்தி போட்டுவிடுகிறோம். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. சிலது வருஷா வருஷம்கூடப் பூக்கும். அதையெல்லாம் யார் பார்ப்பது? படம் நீலமாக இருந்தால் போதும், 'பன்னிரண்டு' என்று தலைப்பு வைத்துவிடுவோம்.

வலது பக்கம் தேவாங்கு.

எடை கால் கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே. வெளியே தெரிகிற வால் கிடையாது. பென்சில் கனத்தில் கை கால். முகத்தில் பாதி கண்தான். அந்தக் கண்ணைத்தான் நாம் கிண்டல் செய்கிறோம். ராத்திரி இருட்டில் பூச்சி பிடித்துச் சாப்பிடுகிற ஜீவனுக்குக் கண் பெரிதாக இல்லாமல் என்ன செய்யும்? எறும்பு, கரையான், வண்டு என்று பூச்சிகள்தான் அதற்கு முக்கியச் சாப்பாடு. கிளையை நாலு கையாலும் பிடித்துக்கொண்டு, இலை அசையாமல் நகரும். குட்டிக்குச் சில வாரம் ஆனதும் அம்மா அதைக் கிளையில் தனியாக விட்டுவிட்டு இரை தேடப் போகும். குட்டி சத்தம் போடாமல் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். விடிவதற்குள் அம்மா வந்து எடுத்துக்கொள்ளும். குரங்குக்கும் நமக்கும் தூரத்துச் சொந்தம்.

காட்டில் இது வாழ்வது உலகத்திலேயே ரெண்டே நாட்டில். இந்தியாவின் தெற்குப் பகுதி, இலங்கை. இலங்கையில் ஹார்ட்டன் சமவெளியில் வாழும் ஒரு வகை 1939-க்குப் பிறகு 2002 வரை யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போனது என்று எண்ணியிருந்தார்கள். 2010-ல்தான் அதன் புகைப்படமே வெளிவந்தது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பார்க்கிற பூவுக்கு அத்தனை கூட்டம். அறுபது வருஷம் கழித்துத் தலைகாட்டிய ஜீவனைப் பார்க்க ஒரு டூர் வேன்கூடக் கிளம்பவில்லை.

இதற்கு நாம் தந்திருக்கும் மரியாதை? ஒரு வசவு. அப்புறம் மூடநம்பிக்கை. மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று அதைப் பிடித்தார்கள். கண் வியாதிக்கு அதன் கண்ணே மருந்து என்று நம்பியவர்கள் உண்டு. பார்த்தாலே அபசகுனம் என்று கல்லெறிந்தவர்கள் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு திருவிழாவில், மரப்பெட்டிக்குள் தேவாங்கை வைத்துக்கொண்டு ஒருவர் குறி சொன்னதைப் பார்த்திருக்கிறேன். கிளிக்குப் பதிலாக அது சீட்டு எடுத்தது. உச்சி வெயில். ராத்திரி வாழ்கிற பிராணி கண்ணைத் திறக்க முடியாமல் திணறியது. சுற்றி நின்ற நாங்கள் 'கொர்ருனு தூங்குது பாரு' என்று சிரித்தோம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. புலி இருக்கிற அட்டவணை. பிடித்தாலோ கொன்றாலோ மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம்வரை சிறை. அன்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அது தெரியாது.

இதுவரை கணக்கு சுலபம். இடது பக்கம் முழுக்க வரவு, வலது பக்கம் முழுக்கச் செலவு. பையனிடம் போய், 'உன் தங்கச்சிதான்டா ஜெயிச்சா' என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது.

ஆனால், ஐந்தொகை போடும்போது இடித்தது.

அழியும் ஆபத்தில் இருக்கும் உயிர்களுக்கு ஐ.யு.சி.என். என்ற சர்வதேச அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சிவப்புப் பட்டியல் என்பார்கள். அதில் நம்மூர் சாம்பல் தேவாங்கு 'அச்சுறுத்தலை நெருங்கிக்கொண்டிருக்கும் இனம்'. நீலக்குறிஞ்சியை 2024-ல் முதன்முறையாக மதிப்பிட்டார்கள். எந்தப் படியில் வைத்தார்கள் தெரியுமா? தேவாங்குக்கு ஒரு படி மோசமான இடத்தில், 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்ற படியில்.

ரெண்டாயிரம் வருஷமாகக் கொண்டாடிய பூ, கல்லெறி வாங்கிய பிராணியைவிட ஆபத்தில் இருக்கிறது! அப்படியானால் நம் கொண்டாட்டத்துக்கு என்ன அர்த்தம்?

என் கதையையே சொல்கிறேன். 2006-ல் ஆபீஸ் நண்பர்களோடு மூணாறு போனேன். ஜீப் வாடகைக்கு எடுத்தோம். சரிவு முழுக்க நீலம். உள்ளே இறங்கி நின்று போட்டோ எடுத்தோம். எங்கள் காலடியில் எத்தனை செடி நசுங்கியது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஊருக்குக் காட்ட ஒரு கொத்து ஒடித்தேன். மலையிறங்கித் தேனி வருவதற்குள் வாடிவிட்டது. ஒரு கொத்தில் இருந்தது எத்தனை விதை, எத்தனை செடி? அதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. தேவாங்கின் மேல் கல்லெறிந்தவனும் நானும் ஒன்றுதான். அவன் வெறுப்பில் செய்தான், நான் பிரியத்தில் செய்தேன்.

2018-ல் என்ன நடந்தது பாருங்கள். பூ வருகிறது என்று லாட்ஜ், ஜீப், ஹோட்டல் எல்லாம் தயாராக இருந்தன. ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். மலைப்பாதைகள் சரிந்தன. கூட்டம் வரவில்லை. குறிஞ்சி பாட்டுக்குப் பூத்தது. பார்க்க ஆள் இல்லை என்று அது கவலைப்படவில்லை. நஷ்டம் என்று கணக்கு எழுதியதெல்லாம் நாம்தான்.

சரி, நாலு கொத்து ஒடிப்பதாலா குறிஞ்சி அழிகிறது? இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

குறிஞ்சி பூப்பது பன்னிரண்டில் ஒரு வருஷம். மற்ற பதினொரு வருஷம் அது என்ன செய்கிறது? சும்மா இருக்கிறது. பச்சையாக, பெயர் தெரியாத புதராக. அப்போது அதன் பக்கத்தில் நின்று நீங்கள் செல்ஃபி எடுக்க மாட்டீர்கள். எந்த அப்பாவும் அதைப் பார்த்து உருகிப் பெண்ணுக்குப் பெயர் வைக்க மாட்டார். 'என்ன சார் இருக்கு இங்கே? வெறும் புல்லும் புதரும்' என்றுதான் சொல்வோம்.

அந்தப் பதினொரு வருஷத்தில்தான் எல்லாம் நடக்கிறது. புல்வெளி என்றால் சும்மா கிடக்கிற நிலம் என்று வெள்ளைக்காரன் நினைத்தான். தேயிலை போட்டான், சீகை மரமும் யூகலிப்டஸும் கொண்டுவந்து நட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விடாமல் நட்டோம். காகித ஆலைக்கு, ரேயான் ஆலைக்கு, 'காடு வளர்க்கிறோம்' என்ற நல்ல பெயருக்கு. பழனி மலையில் மட்டும் நாற்பது வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. போனது பெரும்பாலும் மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும்தான். நீங்களும் நானும் மூணாறில் வரிசையில் நின்று பூவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில்!

இப்போது தேவாங்குப் பக்கம் வாருங்கள். திண்டுக்கல் அய்யலூர், கரூர் கடவூர் பக்கம் போயிருக்கிறீர்களா? முள்ளும் கள்ளியும் வேலமரமுமாக வறண்ட காடு. ஊட்டி மாதிரி குளுகுளு இல்லை. அருவி இல்லை. புலி யானைக்காக யாரும் அங்கே டிக்கெட் வாங்குவதில்லை. 'என்ன சார் இருக்கு இங்கே? வெறும் முள்ளு' என்போம். அந்த முள்ளில்தான் தேவாங்கு இருக்கிறது.

ஆக, பூக்காத குறிஞ்சியும் தேவாங்கும் நம் கண்ணுக்கு ஒன்றுதான். ரெண்டும் 'ஒண்ணுமே இல்லாத' இடத்தில் வாழ்கின்றன. நாம் அழிப்பது பூவையும் இல்லை, மிருகத்தையும் இல்லை. அந்த 'ஒண்ணுமே இல்லாத' இடத்தை.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். மத்திய அரசு 2000-ம் ஆண்டிலிருந்து தரிசு நில அட்லஸ் என்று ஒரு பெரிய புத்தகத்தைப் பல பதிப்புகளாக வெளியிட்டிருக்கிறது. அதில் தரிசு நிலத்தின் வகைகள் என்று ஒரு பட்டியல். 'அடர்ந்த புதர் உள்ள நிலம்', 'திறந்த புதர் உள்ள நிலம்' எல்லாம் அதில் உண்டு. அதாவது, புதர் இருந்தால் அது தரிசு. தேவாங்கின் வீட்டுக்கு நம் ரெவின்யூ மொழியில் பெயர் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் அங்கே எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். குவாரி, லே-அவுட், சோலார் தகடு... ஏன், 'பசுமைப் புரட்சி' என்று போர்டு மாட்டி மரக்கன்றுகூட. யாருடைய வீட்டையும் நாம் இடிக்கவில்லை பாருங்கள், அங்கேதான் ஒன்றுமே இல்லையே!

"சார், அழகான ஒன்றைக் காட்டினால்தானே ஜனங்கள் காப்பாற்ற முன்வருவார்கள்? குறிஞ்சியால்தானே அந்த மலைக்குச் சரணாலயம் கிடைத்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூவின் புண்ணியத்தில் புல்லும் வாழ்ந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால், 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென்று இந்தியாவில் முதல் சரணாலயம். குறிஞ்சிக்குக் கேரளத்தில் கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல். யாரும் அதற்குக் காதல் கவிதை எழுதவில்லை. தபால்தலையைக் காட்டி யாரும் கேட்கவில்லை. ராத்திரி ராத்திரியாக முள்காட்டில் டார்ச்சை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் எண்ணினார்கள். உள்ளூர்க்காரர்கள் கூட நின்றார்கள். சட்டம் தன் வேலையைச் செய்தது. அழகு என்ற சிபாரிசுக் கடிதம் இல்லாமலே ஓர் உயிருக்கு இடம் கொடுக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. குறிஞ்சியைச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட தாவரங்கள் பட்டியலில் சேர்த்ததே 2022 திருத்தத்தில்தான். இத்தனை பாட்டு பாடியும்!

"அதெல்லாம் மலைக்காரன் பிரச்னை. பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு நமக்கென்ன?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

2007-ல் நம் புதுச்சேரி அரசு மாநிலப் பூவாக நாகலிங்கப் பூவைத் தேர்ந்தெடுத்தது. நல்ல பூ, எனக்கும் பிடிக்கும். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1775-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக் கயானாவின் காட்டை ஆராய்ந்தவர். பூவுக்குள் லிங்கமும் நாகமும் தெரிந்ததால் நாம் சிவன் கோயிலில் சேர்த்துக்கொண்டோம். கதை கிடைத்துவிட்டால் எங்கிருந்து வந்ததற்கும் நம்மிடம் இடம் உண்டு. கதை இல்லையென்றால் சொந்த மண்ணில் முளைத்ததும் புதர்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில். நம்மில் பலர் பொங்கல் வைக்கவும் மொட்டை போடவும் போயிருப்போம். கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை முழுக்க இருந்த காட்டின் மிச்சம் அது. அய்யனாருக்குப் பயந்து வெட்டாமல் விட்டதால் தப்பித்தது. அதில் நிறைந்திருப்பது காயா. பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயா. பூத்தால் நீலம்! நீலப் பூவுக்காக நாம் மூணாறு போகிறோம். நம் வாசலில் இருக்கிற நீலத்தின் மேல் பிளாஸ்டிக் தட்டை வீசிவிட்டு வருகிறோம். அந்தக் காட்டுக்கு வெளியே அதே சாலையில் மனை விற்பவர் என்ன சொல்கிறார்? "அருமையான இடம் சார். ஒண்ணுமே இல்ல, வெறும் புதர்தான். ஒரு ஜே.சி.பி. வச்சா அரை நாள்ல கிளீன் பண்ணிடலாம்!"

2030 வரப்போகிறது. டூர் கம்பெனிகள் பேக்கேஜ் போடும். நாங்களும் அட்டைப்படம் போடுவோம். உங்களிடம் மூன்றே மூன்று கேட்கிறேன். பூவைப் பார்க்கப் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள், ஒரு கொத்தும் ஒடிக்காதீர்கள். ரெண்டாவது, பூக்காத வருஷத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெறும் புல்லும் புதருமாக அது இருக்கும் கோலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, 'இதுதான் குறிஞ்சி' என்று சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் ஊரில் எந்த நிலத்தையாவது காட்டி 'ஒண்ணுமே இல்ல' என்று யாராவது சொன்னால், அவர் அதிகாரியாக இருந்தாலும் சரி, புரோக்கராக இருந்தாலும் சரி, 'ராத்திரியில் வந்து பார்த்தீங்களா?' என்று கேளுங்கள்.

இவ்வளவையும் சுருக்கி, பையனிடம் சொன்னேன். "நீ கேட்டதே தப்புடா. பதினொரு வருஷம் குறிஞ்சியும் தேவாங்குதான்." அவன் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, முழி முழி என்று முழித்தான். புரிந்ததா என்று தெரியவில்லை. சட்டம், சிறை எல்லாம் சொன்னபோது மட்டும் ரொம்ப உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டான்.

நேற்று அவன் அம்மா வாசலில் என்னை மடக்கினார்.

"ஏண்ணா, புள்ளைகிட்ட என்னண்ணா சொல்லிக் குடுத்தீங்க? சாப்பிடுடா தேவாங்குன்னேன். 'தேவாங்கைத் தொந்தரவு பண்ணா மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் ஜெயில்மா'ங்கறான்!"